மதியம் ஒன்று முதல் மூன்று வரை: மயிலாப்பூர் பக்கம் சும்மா உட்கார ஓர் இடம் சொல்லுங்கள்

புதன்கிழமைக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னது, கதை கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வீடு திருவல்லிக்கேணியில். ஒரு கூடம், ஓர் அறை, சமையல்கட்டு. அதற்குள் ஆறு பேர். புதன்கிழமைகளில் ஆடிட்டர் காஞ்சிபுரம் போய்விடுவார், ஒரு மணிக்கே எங்களை விட்டுவிடுவார்கள். பெண் பள்ளியிலிருந்து வர மூன்றரை ஆகும். ஆக, வாரத்தில் ஒரே ஒரு நாள், நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாத இரண்டு மணி நேரம் என் கையில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

மெரினா போய்ப் பார்த்தேன். நிழலே கிடையாது. உட்கார்ந்த பத்து நிமிடத்துக்குள் சுண்டல், மாங்காய், கிளி ஜோசியம், கைரேகை என்று வரிசையாக வந்து போனார்கள். கைரேகைக்கார அம்மா, “மனசுல பெரிய கவலை இருக்கு தாயி” என்றார். கவலையெல்லாம் இல்லை, கால் சுடுகிறது என்றேன்.

கபாலி கோயிலில் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். திறந்திருக்கிற வேளையில் போனாலும் பிரகாரத்தில் எங்கள் தெரு மாமி யாராவது இருப்பார். “தனியாவா வந்தே? அவர் வரலையா? வீட்ல ஏதாவது?” அந்த ‘ஏதாவது’வுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் என் இரண்டு மணி நேரம் போய்விடும்.

வீட்டுப் பக்கத்துப் பூங்காவை வெயில் ஏறியதும் பூட்டிவிடுகிறார்கள். ஒரு காபிக் கடைக்குப் போனேன். 240 ரூபாய். கோப்பை காலியான மூன்றாவது நிமிடம், “வேற ஏதாவது வேணுமா மேடம்?”

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒருமுறை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். நல்ல ஏசி. யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் எதிர் நாற்காலியில் ஒரு பையன் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தேன். யாருடைய இடத்தையோ திருடி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

சத்தம் இருந்தால் எனக்குப் பரவாயில்லை. ஆறு பேர் வீட்டில் வளர்ந்த காது. ஏன் வந்தாய், யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் தினமும் சாயந்திரம் டீக்கடைத் தூணில் சாய்ந்து அரை மணி நேரம் நின்றுவிட்டு வருவார். எதற்கு நிற்கிறீர்கள் என்று இந்தப் பதினாறு வருடத்தில் ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. அவருக்கு ஊரெல்லாம் டீக்கடை. எனக்கு ஒன்று வேண்டும்.

இன்னும் ஒன்று. தனியாக இருக்க வேண்டும், ஆனால் ஆளே இல்லாத இடம் வேண்டாம். இந்த முரண்பாடு பெண்களுக்குப் புரியும். கழிப்பறை இருந்தால் சொல்பவருக்குக் கோடி புண்ணியம்.

பழைய கார்டு எழுதியது:

அம்மா, நான் மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். (இப்போது அந்த வேலைக்கு ‘டிரெயின் மேனேஜர்’ என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கொடி அதே கொடிதான்.) என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: பறக்கும் ரயில்.

சிரிக்காதீர்கள். திருமயிலை நிலையம் உங்களுக்கு நடக்கிற தூரம்தானே? 1997இல் அந்த ஊர் வரைதான் வண்டி வந்தது. வேளச்சேரியைத் தொட 2007 ஆகிவிட்டது. நிலையங்களை என்னவோ விமான நிலையம் மாதிரி கட்டிவைத்தார்கள், அந்த அளவுக்குக் கூட்டம் வந்து சேரவில்லை. காலையிலும் மாலையிலும் தரமணி கம்பெனி ஆட்கள் நெருக்குவார்கள், அது வேறு கதை. மதியம் ஒரு மணிக்கு ஒரு பெட்டியில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அதில் நாலு பேர் தூக்கத்தில் இருப்பார்கள்.

வேளச்சேரிக்குப் போக வர டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய். போய்ச் சேர்ந்ததும் இறங்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அதே வண்டி திரும்பும், நீங்களும் அதே ஜன்னலில் திரும்பலாம். கிரீன்வேஸ் ரோடு தாண்டி அடையாற்றின் மேல் போகும்போது காற்று மாறும், கவனியுங்கள். எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள் மயிலாப்பூர்.

இரண்டு எச்சரிக்கை. நிலையத்துக்குள் உட்கார இடம் தேடாதீர்கள். பெரிய கட்டடம், ஆள் நடமாட்டம் இல்லாத மூலை நிறைய. வண்டி வரும் நேரத்துக்குக் கணக்காக மேலே ஏறுங்கள். பெண்கள் பெட்டி மொத்தமாகக் காலியாக இருந்தால் அதில் ஏற வேண்டாம், இரண்டு குடும்பம் உட்கார்ந்திருக்கிற பொதுப் பெட்டியே மேல். அவசரமென்றால் 139.

நானே ஓய்வுக்கு அப்புறமும் வாரத்தில் ஒரு நாள் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் வருகிறேன். அன்றைக்கு என் மருமகளுக்கும் நிம்மதி.

நலம்விரும்பி எழுதியது:

தவறாக நினைக்க வேண்டாம் சகோதரி. குடும்பத்தில் இருக்கும் பெண்ணுக்கு வீட்டில் கிடைக்காத நிம்மதி வெளியில் கிடைக்காது. கணவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். தனிமை தேடுவது மன அழுத்தத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

புதன்கிழமைக்காரி எழுதியது:

நலம்விரும்பி சார், மனம்விட்டுப் பேசிப் பேசித்தான் வாய் வலிக்கிறது. அதற்குத்தான் இந்த இரண்டு மணி நேரம். வீட்டில் கதவுள்ள அறை ஒன்றுதான், அதில் என் மாமியார் படுத்திருக்கிறார். நடமாட்டம் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அவரை நான் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். மற்ற ஆறு நாளும், புதன்கிழமை மூன்றரைக்கு மேலும்.

கார்டு ஐயா, பறக்கும் ரயில் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. நிலையம் நடக்கிற தூரம்தான்! அதில் எங்கேயும் போகாமல் போகலாம் என்று தெரியாமல் போய்விட்டது.

நூலகப்பூச்சி எழுதியது:

உங்கள் கேள்வியைப் படித்ததும் என் முனைவர் பட்ட நாட்கள் நினைவுக்கு வந்தன. விடுதியில் நாலு பேருக்கு ஓர் அறை. எழும்பூரில்தான் பொழுதைக் கழித்தேன்.

கன்னிமாரா என்று பலரும் சொல்வார்கள். 1896இல் திறந்த நூலகம், நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி வந்து சேரவேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. பெருமையெல்லாம் சரி, நாற்காலி கிடைக்க வேண்டுமே. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலேயே தண்ணீர் பாட்டிலை வைத்து இடம் பிடித்துவிடுகிறார்கள். பாவம், அவர்களுக்கும் வீட்டில் இடமில்லைதான். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதி அப்படித்தான். ஆனால் அங்கே மேல் தளங்களுக்கு ஏறிவிட்டால் நிலைமை வேறு. யாரும் அதிகம் தொடாத துறை ஒன்றின் அலமாரிப் பக்கம் ஒரு நாற்காலி பார்த்துக்கொள்ளுங்கள். சுத்தமான கழிப்பறை உண்டு, கோடி புண்ணியத்தை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். கார்டு ஐயா சொன்ன ரயிலில் கோட்டூர்புரத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

ஆனால் எனக்குப் பிடித்த இடம் கன்னிமாராவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து, “கை வைக்காதே” என்று திட்டு வாங்கிக்கொண்டு, பத்து நிமிடத்தில் போய்விடுவார்கள். அப்புறம் நீங்களும் சோழர் காலமும்தான். திருவெண்காட்டு அர்த்தநாரி அங்கே இருக்கிறார். ஒரு பக்கம் நிமிர்ந்து, மறு பக்கம் ஒசிந்து, ஒரே உடம்பில் இரண்டு பேர் சண்டையில்லாமல் நிற்பதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நீங்கள் ஏன் நிற்கிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள், சிலை பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, உங்களுக்குப் புதன்தானே.

நான் கற்றுக்கொண்ட வித்தை ஒன்று இருக்கிறது. ஒரு பெண் வெறுமனே உட்கார்ந்திருந்தால்தான் இந்த ஊருக்குக் குழப்பம். கையில் ஒரு தடிப் புத்தகம் இருந்தால் விட்டுவிடுவார்கள். படிக்க வேண்டுமென்பதில்லை. நான் ஒரே அகராதியை மூன்று வருடம் சுமந்தேன்.

ரெண்டு சக்கரம் எழுதியது:

அக்கா, நான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. மதிய ஆர்டர் ஓய்ந்து இரவு ஆர்டர் தொடங்கும்வரை இரண்டு மணி நேரம் எங்கேயாவது நிற்க வேண்டும். கடை வாசலில் நின்றால் விரட்டுவார்கள், மரத்தடியில் நின்றால் நாலு பேர் பேச்சுக் கொடுப்பார்கள்.

நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறை இருக்கிறது, தெரியுமா? மவுண்ட்-பூந்தமல்லி சாலையில். அந்த வழியாக ஆயிரம் முறை போயிருப்பேன், ஒரு நாள் மழைக்கு ஒதுங்கித்தான் உள்ளே போனேன். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். பல ஊர்க் கல்லறைகளில் கிடந்தவர்களை ஒரே இடத்தில் வைத்துப் பராமரிக்க வேண்டுமென்று 1952இல் அமைத்தார்களாம். புல் வெட்டி, ஒரு சருகு இல்லாமல் வைத்திருக்கிறார்கள். தோட்ட வேலை செய்பவர்கள் அங்கேயே இருப்பார்கள், அதனால் பயமில்லை. கேட்டுக்கு வெளியே லாரி ஹாரன் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். பத்து அடி உள்ளே போனால் அது வேறு யாருக்கோ அடிக்கிற ஹாரன்.

வயது எழுதியிருக்கிறது அக்கா. 20, 21, 22. எனக்கு 23. முதல் நாள் அதைப் படித்துவிட்டு அன்றைக்கு வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினேன்.

மயிலாப்பூரிலிருந்து தூரம்தான். இருந்தாலும் சொல்லத் தோன்றியது.

பாரிமுனை குமாஸ்தா எழுதியது:

தம்பி கல்லறை சொன்னதால் நானும் தைரியமாக ஒன்று சொல்கிறேன். பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு. அரண்மனை எதுவும் அங்கே கிடையாது. ஆர்மீனியன் தெரு என்பதுதான் நம்மவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. அந்தத் தெருவில் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் நசுங்கியவர்களுக்குக்கூட, சற்றுத் தள்ளி ஒரு பெரிய மரக்கதவுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. 1772இல் கட்டிய ஆர்மீனியக் கோயில். வழிபாட்டுக்கு ஆட்கள் இல்லை, வியாபாரத்துக்கு வந்து வாழ்ந்த அந்தச் சமூகமே ஊரைவிட்டுப் போய்விட்டது. முற்றம் இருக்கிறது, மரம் இருக்கிறது, தனிக் கோபுரத்தில் ஆறு பெரிய மணிகள் இருக்கின்றன. தரையெல்லாம் கல்லறைப் பலகைகள், நமக்கு ஓர் எழுத்தும் புரியாத மொழியில். ஆர்மீனிய மொழியின் முதல் பத்திரிகை 1794இல் அச்சானது நம் சென்னையில்தான், அதை நடத்திய பாதிரியாரும் அங்கேதான் இருக்கிறார்.

முப்பது வருடமாக அந்த வட்டாரத்தில் இரும்புக் கடைக் கணக்கு எழுதுகிறேன். மூட்டை இறக்குபவர்களின் கூச்சல், மீன்பாடி வண்டி, மார்வாடி முதலாளியின் போன், எல்லாம் தாண்டி அந்தக் கதவுக்குள் போனால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். மதியச் சாப்பாட்டுப் பெட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போவேன், அங்கே சாப்பிடுவது மரியாதையில்லை. மதியம் இரண்டரை போலச் சாத்திவிடுவார்கள், அதனால் உங்கள் புதன்கிழமைக்குள் அடங்காது. ஆடிட்டர் முழு நாள் லீவு விட்டால் வாருங்கள். கணக்கு எழுதுபவர்களுக்கு அந்த இடம் ஒத்துவரும்.

லஸ்காரி எழுதியது:

எல்லோரும் ஊரைச் சுற்றுகிறீர்கள். அவர் அலுவலகம் மயிலாப்பூரில் இருக்கிறது!

லஸ் கார்னரில் தினமும் பஸ் பிடிக்கிறீர்களா? லஸ் என்றால் போர்த்துகீசியத்தில் வெளிச்சம். பக்கத்துச் சந்துக்குள் இருக்கிற பிரகாச மாதா கோயிலால்தான் அந்த முனைக்கே அந்தப் பெயர். வீட்டில் நாங்கள் காட்டுக் கோயில் என்போம், ஒரு காலத்தில் சுற்றிலும் காடாக இருந்ததாம். 1516 என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். சின்ன கோயில். கும்பிடத் தெரிய வேண்டியதில்லை, பின் பெஞ்சில் உட்காருங்கள். நடுப்பகலில் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை வாசலில் எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடையாறு ஆலமரம் என்று யாராவது சொல்ல வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: பொதுமக்களை விடும் நேரம் அங்கே கொஞ்சம்தான், மதிய இடைவேளையில் காவலரோடு வாதாட வேண்டியிருக்கும். தாய்மரமும் 1989 புயலிலேயே சாய்ந்துவிட்டது, இப்போது இருப்பது விழுதுகளின் தோப்பு. அழகுதான். ஒரு சனிக்கிழமை காலை பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

புதன்கிழமைக்காரி எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. கணக்கு ஒப்படைக்க வந்திருக்கிறேன்.

முதல் புதன் ரயில். எனக்கு எதிரில் ஒரு பூக்கார அம்மா காலிக் கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலோரம். ஆறு வந்தபோது கார்டு ஐயா சொன்ன மாதிரியே காற்று மாறியது. அப்போது பார்த்து வீட்டுக்காரர் போன். “எங்கே இருக்கே?” என்றார். “ரயிலில்.” “எந்த ரயில்?” “வேளச்சேரி ரயில்.” “அங்கே என்ன வேலை?” பொய் சொல்ல வாய் வரை வந்தது. “ஒன்றுமில்லை, போய்விட்டுத் திரும்பி வருகிறேன்” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “சரி, வரும்போது காய்கறி வாங்கிட்டு வா” என்று வைத்துவிட்டார். நானாகத்தான் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்போல.

அடுத்த புதன் மாமியாருக்குக் காய்ச்சல், போகவில்லை.

மூன்றாவது புதன் காட்டுக் கோயில். பதினோரு வருடமாக லஸ் முனையில் நின்று பஸ் பிடிக்கிறேன். சந்துக்குள் தலையை நீட்டியதில்லை. பின் பெஞ்சில் உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். பெருக்கிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் பக்கத்தில் வந்து, “யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?” என்றார். வந்துவிட்டதே கேள்வி என்று நினைத்தேன். “இல்லைங்க. சும்மாதான்” என்றேன். “சும்மான்னா இப்படி வா, அங்கே காத்து வராது” என்று வேறு பெஞ்சைக் காட்டி, மின்விசிறியைப் போட்டுவிட்டுப் பெருக்கப் போய்விட்டார். அப்புறம் என் பக்கமே திரும்பவில்லை. அங்கே என்ன யோசித்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. மாதக் கடைசி ஜிஎஸ்டி கணக்கில் விட்டுப்போன ஒரு பில் நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

நாலாவது புதன் அண்ணா நூலகம். நூலகப்பூச்சி சொன்ன மாதிரி மேலே ஏறினேன். விலங்கு மருத்துவமா வேளாண்மையா தெரியவில்லை, ஏதோ ஓர் அலமாரிப் பக்கம் நாற்காலி கிடைத்தது. கேடயமாக எடுத்த தடிப் புத்தகத்தை மாட்டுத் தீவனம் வரை படித்துவிட்டேன். கழிப்பறைப் புண்ணியம் வரவு வைக்கப்பட்டது.

நேற்று மறுபடி ரயில். பூக்கார அம்மா அதே இடத்தில் இருந்தார். நான் ஏறியதும் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, காலைக் கொஞ்சம் மடக்கி இடம் விட்டு, மறுபடி தூங்கிவிட்டார்.

குமாஸ்தா ஐயா, முழு நாள் லீவு கிடைக்கும் அன்று அரண்மனைக்காரன் தெருவுக்கு வருகிறேன். தம்பி, நந்தம்பாக்கம் தூரம்தான். நீ வண்டியை மெதுவாகவே ஓட்டு.

பழைய கார்டு எழுதியது:

எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தீர்கள் என்று எழுதவில்லையே அம்மா. போகும்போது இடது பக்கம் பாருங்கள். பெருங்குடி தாண்டியதும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அந்தப் பக்கம்தான் வரும். மழைக்காலம் முடிந்து தண்ணீர் நிற்கும்போது பறவைகள் இறங்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகூட. வரும்போது அது வலது பக்கமாகிவிடும், வேளச்சேரியில் வண்டி நிற்கும்போதே எழுந்து மாறி உட்கார்ந்துவிடுங்கள்.